நான் சகுனியான கதை

“சித்தப்பா! நீங்கள் செத்துப் போய்விட்டீர்கள்!” என்று என் அண்ணன் பெண் மிகுந்த சந்தோஷத்துடன் அறிவித்தாள்.

வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் பின்னாலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், ஜமக்காளத்தின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, கையில் காப்பி டபராவுடன் நான் சௌக்கியமாகவே இருந்தேன். செத்தவன் நான் பூண்டிருந்த வேஷம். அவன் ஒரு வில்லாளி. பதினைந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் பிறந்திருந்தான். சத்திரத்து வாசலில் நின்ற முரடன் ஒருவனைப் பார்த்து, “வழியை விடு!” என்று அதட்டினான். இருபத்திரண்டு வருஷம் வகுப்பறையில் கணக்குச் சொல்லிக் கொடுத்த என்னிடமிருந்துதான் அந்த அதட்டல் அவனுக்கு வந்திருக்க வேண்டும். வகுப்பறையில் பலித்தது சத்திரத்து வாசலில் பலிக்கவில்லை. முரடன் தடியை ஓங்கினான். பகடை உருண்டது. அவ்வளவுதான்.

இது நடந்தது 2023-ஆம் வருஷம் கோடை விடுமுறையில். அன்று முதல் ஏறக்குறைய ஒரு வருஷ காலம் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளை இந்த விளையாட்டு ஆட்கொண்டது. அதனால் நான் அடைந்த ஆனந்தங்கள் பல. அவஸ்தைகள் அதைவிடப் பல. அவற்றில் ஒன்றை மட்டும் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அதைச் சொல்வதற்கு முன் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

விளையாட்டின் இலக்கணம்

‘ரோல் பிளேயிங் கேம்’ என்று இதற்குப் பெயர். ‘வேஷம் புனையும் விளையாட்டு’ என்று நாம் வைத்துக் கொள்ளலாம். மேடை கிடையாது, அரிதாரம் கிடையாது. ஒருவர் கதைசொல்லி. மற்ற நாலைந்து பேரும் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்றுக் கொள்கிறார்கள். ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி, இன்னொருவன் திருடன். பலம், லாகவம், உடலுறுதி, புத்தி, விவேகம், வசீகரம் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்கள் உண்டு. ஒவ்வொரு குணத்துக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுவது பழைய முறை. ஆகவே 3 முதல் 18 வரை எது வேண்டுமானாலும் விழலாம். என் வில்லாளிக்கு விவேகம் 5.

கதைசொல்லி நிலைமையை வர்ணிக்கிறார்: “இருட்டு. எதிரே கால்வாய். பின்னால் காலடிச் சத்தம். நீ என்ன செய்கிறாய்?” இந்தக் கடைசிக் கேள்விதான் விளையாட்டின் உயிர்நாடி. “தாண்டுகிறேன்” என்று சொல்லலாம். “ஒளிந்து கொள்கிறேன்” என்று சொல்லலாம். “காலடிச் சத்தத்துக்கு உரியவரைக் கூப்பிட்டு க்ஷேமம் விசாரிக்கிறேன்” என்றும் சொல்லலாம். காரியம் பலிக்குமோ பலிக்காதோ என்ற சந்தேகம் வந்தால் 20 முகமுள்ள பகடை ஒன்றை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் பலிக்கும். சிறிய எண் விழுந்தால் கால்வாயில் விழ வேண்டியதுதான். இந்த விளையாட்டில் ஜயித்தவர் என்று யாரும் கிடையாது. கதை நடந்து கொண்டே போகும்.

இதன் பூர்வோத்தரம் ருசிகரமானது. நம் நாட்டுச் சதுரங்கம் மேல்நாடு போய்ச் ‘செஸ்’ ஆயிற்று அல்லவா? அந்தச் செஸ் பலகையை விஸ்தாரமாக்கி 1780-ல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் ஒரு யுத்த விளையாட்டுச் செய்தார். 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் அதைத் தேசப்படங்களின் மேல் ஆடும்படி செய்து, நடுவர் ஒருவரையும் உட்கார்த்தி வைத்தார். 1969-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் - செயின்ட் பால் நகரங்களில் டேவிட் வெஸ்லி என்பவர், பட்டாளங்களுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு மனிதனைக் கொடுத்து ஆடச் சொன்னார். ஒரே குழப்பம்! விளையாட்டுப் படுதோல்வி என்று அவர் நினைத்தார். ஆடியவர்களோ, “மறுபடி எப்போது?” என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் டேவ் ஆர்னஸன். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து எழுதியதுதான் 1974-ல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’; அதாவது, பாதாளச் சிறைகளும் பறக்கும் நாகங்களும். கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் உத்தியோகத்தை இழந்து, செருப்புப் பழுது பார்த்துக் குடும்பத்தை நடத்தியவர். முதலில் அச்சிட்டவை 1,000 பெட்டிகள். விலை 10 டாலர். 2024-ல் அந்த விளையாட்டுக்குப் பொன்விழா நடந்தது.

புலி வேஷக்காரன்

எங்கள் வீட்டுக்கு இதைக் கொண்டு வந்தவள் அண்ணன் பெண்தான். என் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. தாயக்கட்டையில் அவளை ஜயித்தவர்கள் எங்கள் குலத்தில் இல்லை. வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழித்துப் பரமபதம் ஆடுவதில் அவளுக்கு இன்றும் சலிப்பில்லை. “இது என்ன புதுக் கூத்து?” என்று அவள் கேட்டபோது எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். சதுரங்கத்தில் எல்லாம் மதி, விதிக்கு இடமில்லை. பரமபதத்தில் எல்லாம் விதி; மதிக்கு வேலையில்லை, பாம்பு கடித்தால் இறங்க வேண்டியதுதான். இந்த விளையாட்டில் ‘என்ன செய்கிறாய்?’ என்பது மதி. உருளும் பகடை விதி. நம் வாழ்க்கையைப் போலவே இரண்டும் கலந்தது.

“விதிமதி இருக்கட்டும், இது யார்?” என்று அம்மா ஒரு படத்தைக் காட்டினாள். 1977-ல் வந்த பூதங்களின் அகராதியில் நம் ராக்ஷஸனையும் சேர்த்திருக்கிறார்கள். புலித் தலை, ஆடம்பரமான மேலங்கி, வாயில் சுங்கான்! ஆசீர்வதிக்கப்பட்ட அம்பு பட்டால் அவன் செத்துப் போவான் என்று கீழே எழுதியிருந்தது. அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து கொண்டு பார்த்தாள். “புலி வேஷம் கட்டினவன் சுருட்டுப் பிடிக்கிறான். ராக்ஷஸனாம், ராக்ஷஸன்!” என்றாள்.

அந்த வார்த்தை எங்களுக்கு உபகாரமாயிற்று. வெள்ளைக்காரர் சரக்கை அப்படியே வைத்துக் கொள்வானேன்? 2022-ல் வெளியான அந்த விளையாட்டின் புத்தகமொன்றில் மிமி மண்டல் என்ற நம் நாட்டு எழுத்தாளர் வங்காளச் சாயலில் ஒரு கதை எழுதியிருக்கிறார். நாங்களும் எங்கள் பங்குக்குக் கதையை மயிலைக்கு இழுத்து வந்தோம். அவர்களுடைய சாராயக் கடை எங்களுக்குச் சத்திரமாயிற்று. அவர்களுடைய கானகம் அடையாற்று ஆலமரமாயிற்று. அதன் தாய் மரம் 1989-ல் சாய்ந்த பிறகும் விழுதுகள் நிற்கின்றன அல்லவா? அந்த விழுதுகளுக்கு நடுவே ராக்ஷஸன் குடியேறினான். பொம்மைகளுக்குப் பதில் சோழிகள், பூதகணங்களுக்குப் புளியங்கொட்டை.

அண்ணன் பெண் தானும் வேஷம் கட்ட ஆசைப்பட்டதால், கதைசொல்லும் உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. அவள் வாள்வீராங்கனை. அவளுடைய அடையாற்றுச் சிநேகிதி மிருகங்களோடு பேசுகிறவள். யாரோடு சண்டை வந்தாலும் முதலில் அவன் வளர்க்கும் நாயைச் சிநேகம் பிடிப்பாள். மந்தைவெளிப் பையன் மந்திரவாதி. விதிப் புத்தகம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். “முப்பதாவது பக்கத்தில் அப்படியில்லை, சார்!” என்று அவன் ஆரம்பித்தால் ஹைகோர்ட்டு வக்கீல்கள் தோற்றார்கள். நாலாமவன் தியாகராய நகர் ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. வேஷத்தில் திருடன்; பேச்சில் வியாபாரி. ரங்கநாதன் தெருவில் பேசுவது போல் பூதத்தோடும் பேரம் பேசுவான்.

பஞ்சாங்கம் என்னும் பூதம்

இந்த விளையாட்டின் மகா பயங்கரமான பூதம் புத்தகத்தில் இல்லை. அதன் பெயர் பஞ்சாங்கம். ஐந்து பேர் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே மூன்று மணிக்கு, ஒரே கூடத்தில் சேருவதைப் போல் சிரமமான காரியம் சென்னைப் பட்டணத்தில் வேறில்லை. ஒரு வாரம் முகூர்த்தம். ஒரு வாரம் டியூஷன். ஒரு வாரம் யாருக்கோ ஜுரம். மார்கழி வந்தால் அடையாற்றுப் பெண்ணைச் சபாக்கள் அபகரித்து விடும். 2023 டிசம்பர் 3-ஆம் தேதி எல்லாரும் வருவதாகச் சத்தியம் செய்திருந்தார்கள். அன்று மிக்ஜாம் புயல் வந்தது.

அடுத்த அவஸ்தை, கதைசொல்லிக்கே உரியது. மூன்று இரவு கண் விழித்து, பதினேழு அறைகள் கொண்ட அரண்மனை ஒன்றை நான் சிருஷ்டித்தேன். ஒவ்வொரு அறைக்கும் ஒரு ரகசியம். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? வழியில் குளத்தங்கரையில் தண்ணீர் சுமந்து சென்ற ஒரு கிழவனை, சும்மா வர்ணனைக்காக வைத்தேன். “அவன் ஏன் அழுகிறான்?” என்றாள் அடையாற்றுப் பெண். நான் அவன் அழுவதாகவே சொல்லவில்லை! இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கிழவனின் குடும்ப விவகாரத்தில் கழிந்தன. அரண்மனைக்குள் இன்று வரை ஒருவரும் கால் வைக்கவில்லை.

ஆனால், ஆனந்தமும் அங்கேயேதான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் பிள்ளைகளைக் கேட்ட கேள்விகள் அத்தனைக்கும் விடை எனக்கு முன்பே தெரியும். விடை தெரியாத கேள்வியைக் கேட்டுவிட்டு வாயைத் திறந்து கொண்டு காத்திருக்கும் சுகத்தை இந்த விளையாட்டில்தான் கண்டேன். ஒரு நாள் கயிற்றுப் பாலம் தீப்பற்றி எரிந்தது. அண்ணன் பெண் அதில் ஓடுவதாகச் சொன்னாள். 17-க்குக் குறையாமல் விழ வேண்டும். அதாவது ஐந்தில் ஒரு சந்தர்ப்பம். எல்லார் கண்ணெதிரிலும் ஜமக்காளத்தின் மேல் 18 விழுந்தது. மந்தைவெளிப் பையன் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

மன்னிக்கு மட்டும் மனசு சமாதானமில்லை. “பிளஸ் டூ படிக்கிற பெண். பூதம், பிசாசு என்று எதற்கு?” என்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. 1980-களில் அமெரிக்காவிலேயே, இந்த விளையாட்டு பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கிறது என்று பெற்றோர்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இருந்தாலும் தாயார்களின் பயத்துக்கு ஆதாரம் எதற்கு?

சகுனி வேலை

இனி அந்தச் சம்பவத்துக்கு வருகிறேன்.

கதைசொல்லி தன் பகடைகளை ஒரு மறைப்புக்குப் பின்னால் உருட்டுவது வழக்கம். மேல்நாட்டில் இதற்கென்றே அச்சிட்ட அட்டை விற்கிறார்கள். நான் பழைய காலண்டர் அட்டையை மடித்து நிறுத்தியிருந்தேன். ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்று. வெளியே மழை. ஆலமரத்தடியில் ராக்ஷஸனோடு யுத்தம் உச்ச கட்டத்தில் இருந்தது. வாள்வீராங்கனை ஏற்கனவே பலமாகக் காயம் பட்டிருந்தாள். ராக்ஷஸன் அவள் மேல் பாய்ந்தான். அட்டைக்குப் பின்னால் உருட்டினேன். 20.

இருபது விழுந்தால் தப்ப வழியில்லை, அடி இரட்டிப்பு. அவள் விழுந்து விடுவாள். அந்த வாரம்தான் பள்ளிக்கூடப் பரீட்சை ஒன்றில் மார்க்குக் குறைந்து அவள் மனமுடைந்திருந்தாள். இதுவும் வேண்டுமா? “ஏழு. குறி தப்பிவிட்டது” என்றேன். பிள்ளைகள் பெருமூச்சு விட்டார்கள்.

என் முதுகுக்குப் பின்னால் ஊஞ்சலில் உட்கார்ந்து ஜபமாலை உருட்டிக் கொண்டிருந்த அம்மாவை நான் மறந்தே போனேன்.

“ஏண்டா, இருபதுன்னா விழுந்திருக்கு? ஏழுன்னு சொல்றே?”

கூடத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. தாயக்கட்டையில் ஒரு காயைக் கள்ளத்தனமாக நகர்த்தினாலும் அம்மா ஆட்டத்தையே கலைத்து விடுவாள் என்பது எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். ஆனால், என்னைக் கலக்கியது அம்மாவின் குரலல்ல. அண்ணன் பெண் கோபிப்பாள் என்று நினைத்தேன்; அவள் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமலிருந்து விட்டுக் கேட்டாள்:

“அப்படியானால், அன்றைக்கு நான் பாலத்தைத் தாண்டினேனே, அதுவும் நீங்கள் தாண்ட விட்டதுதானா, சித்தப்பா?”

“இல்லையம்மா, அதை நீயே உருட்டினாய். 18 விழுந்ததை எல்லாரும் பார்த்தார்களே!”

“பார்த்தோம். ஆனால், 17 வேண்டுமென்று சொன்னது நீங்கள்தானே? 19 என்று இருந்ததை எனக்காகக் குறைத்தீர்களோ என்னவோ?”

என்னிடம் பதில் இருந்தது. அதை நம்பச் செய்வதற்கு வழியில்லை. ஒரே ஒரு பொய், அதுவும் அன்பினால் சொன்ன பொய், முன்னால் அவள் அடைந்த வெற்றிகள் அத்தனையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கி விட்டது. சகுனி கெட்ட எண்ணத்தோடு பகடையைப் புரட்டினான்; நான் நல்லெண்ணத்தோடு புரட்டினேன். எதிரே உட்கார்ந்து ஆடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது.

எனக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லவும் ஆளுண்டு. கைகாக்ஸ் 1979-ல் எழுதிய வழிகாட்டிப் புத்தகத்திலேயே, பகடையின் தீர்ப்பை மாற்றக் கதைசொல்லிக்கு உரிமை கொடுத்திருக்கிறார். மந்தைவெளி வக்கீல் அந்தச் சட்டத்தை உடனே எடுத்துக் காட்டி என் பக்கம் வாதாடினான். அண்ணன் பெண், “மாற்றியதற்காக இல்லை. மாற்றிவிட்டு, ஏழு விழுந்தது என்று சொன்னீர்களே, அதற்காக” என்றாள். அன்று ஆட்டம் அத்துடன் கலைந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் கருணை மார்க்குப் போட்டிருக்கிறேன். முப்பத்திரண்டை முப்பத்தைந்தாக்கி, உள்ளூரப் பெருமையும் பட்டிருக்கிறேன். நம் வீடுகளிலும் என்ன நடக்கிறது? பிள்ளை விழக் கூடாது என்று, அவன் எந்தப் பாடம் எடுப்பது, எந்த டியூஷனுக்குப் போவது என்பது வரை அட்டைக்குப் பின்னால் நாமே பகடையைத் திருப்பி வைக்கிறோம். அதைத் தவறென்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. ஆனால், ‘நான் நிஜமாகவே ஜயித்தேனா?’ என்று ஒரு நாள் அந்தப் பிள்ளை கேட்டால் நாம் என்ன சொல்வது?

பத்துக்கு ஒன்று குறைவு

அடுத்த ஞாயிறு நாலு பேரும் வந்தார்கள். காலண்டர் அட்டையை எடுத்துப் பரண் மேல் போட்டேன். “போன வாரம் 20 விழுந்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்” என்றாள் அண்ணன் பெண். ஆரம்பித்தேன். ராக்ஷஸனின் நகங்கள் பாய்ந்தன. வாள்வீராங்கனை விழுந்தாள்.

விழுந்தவுடன் உயிர் போய்விடுவதில்லை. அவளுடைய முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். 10-ம் அதற்கு மேலும் நன்மை. 10-க்குக் கீழே தீமை. மூன்று நன்மை முந்தினால் பிழைப்பாள். மூன்று தீமை முந்தினால் போய்விடுவாள். இதற்குள் யாராவது மருந்து கொடுத்தாலும் எழுந்து விடலாம். “மருந்து! மருந்து!” என்று கத்தினாள் அடையாற்றுப் பெண். எல்லாரும் தியாகராய நகர்ப் பையனைப் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்தது. இரண்டு மாதத்துக்கு முன் கடைவீதியில், “ஒரு குப்பிக்கு ஐம்பது பொன்னா? பகற்கொள்ளை!” என்று பேரம் பேசி, வாங்காமலே திரும்பியவன் அவன். அன்று நாங்கள் எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்திருந்தோம்.

முதல் தடவை 12. அப்புறம் 6. பிறகு 15. அதன் பின் 3. இரண்டு நன்மை, இரண்டு தீமை. ஐந்தாவது தடவை அண்ணன் பெண் பகடையை இரண்டு கைக்குள்ளும் வைத்து வெகு நேரம் குலுக்கினாள். அம்மாவின் ஜபமாலை நின்றிருந்தது. பகடை உருண்டு, சோழி ஒன்றில் இடித்துத் திரும்பி நின்றது.

9.

அவள் அழுதாள். தியாகராய நகர்ப் பையனும் அழுதான்; தூசி விழுந்ததாகச் சொன்னான். பிறகு மீதி மூவரும், ராக்ஷஸனிடமிருந்து தப்பி, அவளுடைய உடலை ஆலமரத்திலிருந்து மயிலைக் கடற்கரை வரை சுமந்து வந்தார்கள். வழியில் யாரும் பேரம் பேசவில்லை. குளத்தங்கரைக் கிழவன் தண்ணீர்க் குடத்துடன் வந்து நின்றான்; அவனை வரவழைத்தது நானல்ல, அவர்கள்தான். பஜ்ஜி ஆறிப் போனதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. போகும்போது அண்ணன் பெண் கண்ணைத் துடைத்துக் கொண்டு, “இதுவரை ஆடினதிலேயே இதுதான் நன்றாக இருந்தது, சித்தப்பா” என்றாள். பாலத்தைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை.

கதை முடியவில்லை. இந்த விளையாட்டில் அநேகமாக எந்தக் கதையும் முடிவதில்லை என்று அனுபவஸ்தர்கள் சொல்லுகிறார்கள். நாகம் வந்து கலைப்பதில்லை. பரீட்சை வந்து கலைக்கிறது, வேலை வந்து கலைக்கிறது. 2024-ல் அண்ணன் பெண் மேல் படிப்புக்காகப் புனாவுக்குப் போய்விட்டாள். ஜமக்காளத்தில் ஓரிடம் காலியாயிற்று. சோழிகளும் புளியங்கொட்டைகளும் மாதக் கணக்கில் டப்பாவில் தூங்கின.

சென்ற மாதம் மற்ற மூவரும் ஒரு ஞாயிறு எப்படியோ வந்து சேர்ந்தார்கள். நாலாவது ஆளுக்கு எங்கே போவது என்று யோசித்துக் கொண்டிருந்தோம். ஊஞ்சலிலிருந்து அம்மா, “எனக்கு ஒரு வேஷம் கொடேன்” என்றாள். கொடுத்தேன். விவேகத்துக்கு உருட்டினாள், 17.

ராக்ஷஸன் ஆலமரத்தின் பின்னாலிருந்து கர்ஜித்துக் கொண்டு வெளிப்பட்டான். பிள்ளைகள் ஆயுதத்தை எடுத்தார்கள். “அம்மா, நீ என்ன செய்கிறாய்?” என்று கேட்டேன்.

“சாப்பிட்டாயா என்று கேட்கிறேன்” என்றாள் அம்மா.

நான் விழித்தேன். ராக்ஷஸன் விழித்தான். மந்தைவெளிப் பையன் புத்தகத்தைப் புரட்டினான். அதில் விதி ஒன்றும் இல்லை. வேறு வழியின்றிப் பகடையை எல்லாருக்கும் தெரியும்படி ஜமக்காளத்தின் நடுவில் உருட்டினேன். 18 விழுந்தது.

ராக்ஷஸன் சுங்கானை வாயிலிருந்து எடுத்தான். “மூன்று நாளாயிற்று, பாட்டி” என்றான்.